பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்குமா?

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது என்று தயங்கிச் சொல்லும் இளந்தாய்க்கு, "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்ற விடையே வீட்டில் பெரும்பாலும் கிடைக்கிறது. அன்போடு சொல்லப்படுவதுதான், எனினும் அது சரியான விடை அன்று. பிரசவத்திற்குப் பின் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு ஏற்படுகிறது. பலருக்கு வருவதாலேயே ஒரு தொல்லை சிகிச்சை வேண்டாததாகிவிடாது. இரத்தசோகையும் கர்ப்பிணிகள் பலருக்கு உண்டு. அதற்காக இரும்புச்சத்து மாத்திரையை நாம் நிறுத்திவிடுவதில்லை.

இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பகுதியில், முன்புறம் தொடங்கி வால் எலும்பு வரை, ஒரு தூளியைப் போல விரிந்திருப்பவை இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குவதும், சிறுநீரையும் மலத்தையும் அடக்கி வைக்க உதவுவதும் இவற்றின் பணி. கர்ப்ப காலத்தில் வளரும் சுமையால் இவை தளர்கின்றன. சுகப்பிரசவத்தின்போது மிகுதியாக விரிகின்றன. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்குக் கசிவு வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல இயலாது. மாதக்கணக்கில் கருவைச் சுமந்த தசைகள் அவர்களுடையவையும்தானே.

இத்தசைகளுக்குப் பயிற்சி அளிக்கலாம் என்பது புதிய செய்தி அன்று. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கேகல் இதைப் பற்றி 1948ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் பெயரால்தான் 'கேகல் பயிற்சி' என்கிறோம். பல நாடுகளின் ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, கசிவு இல்லாத பெண்கள் கர்ப்ப காலத்திலேயே இப்பயிற்சியைத் தொடங்கினால், கர்ப்பத்தின் இறுதியில் கசிவு ஏற்படும் வாய்ப்பு 60 சதவீதம் அளவுக்கும், பிரசவமாகி மூன்று முதல் ஆறு மாதங்களில் 30 சதவீதம் அளவுக்கும் குறைவதாகக் காட்டுகிறது. ஆகவே, பிரசவம் முடியட்டும் என்று காத்திருப்பதைவிட, வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லுமுன்பே ஒவ்வொரு கர்ப்பிணியும் ஒருமுறையேனும் பிசியோதெரபிஸ்டைச் சந்திக்க வேண்டும் என்பது என் கருத்து.

"கைபேசியில் காணொளி பார்த்துச் செய்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். வாயுவை அடக்குவதுபோல் தசைகளை உள்ளிழுத்து மேலே தூக்குவதே சரியான முறை. பலர் தம்மை அறியாமலே கீழ்நோக்கி முக்குகிறார்கள். சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் தொடையையும் இறுக்குகிறார்கள். வேறு சிலருக்குத் தசைகள் தளர்ந்திராமல் இறுகிப்போயிருக்கும். தாம்பத்திய உறவின்போது வலி இருக்கும். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது தசையைத் தளர்த்தும் பயிற்சி. யாருக்கு எது தேவை என்பதைப் பரிசோதித்தே சொல்ல முடியும். உங்கள் சம்மதமின்றி எந்தப் பரிசோதனையும் செய்யப்படாது. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

கசிவு உள்ளவர்கள், ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை சுருக்கித் தளர்த்துவதாக, நாளுக்கு மூன்று வேளை, மேற்பார்வையோடு மூன்று மாதமேனும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல். ஒரு வேளைப் பயிற்சிக்குச் சில நிமிடங்களே போதும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் உண்டாகி, முக்கி முக்கி மலம் கழிக்க நேர்ந்தால் அதே தசைகள் மேலும் நலிவடையும். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவது இத்தசைகளுக்கு வலுவூட்டுவதில்லை. தாய் பயிற்சி செய்யும் அந்தச் சில நிமிடங்கள் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டால் அதுவே பேருதவி.

குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசித் தேதியை வீடே நினைவில் வைத்திருக்கிறது. அதே நாளில் தாயிடமும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் கசிகிறதா? அடியில் ஏதோ இறங்குவதுபோல் உணர்கிறீர்களா? தையல் இட்ட இடத்திலோ இடுப்பிலோ வலி நீடிக்கிறதா? இவற்றை மருத்துவரோ செவிலியரோ கேட்பது கட்டாய வழக்கமாக வேண்டும். கேட்கத் தவறினால், நீங்களே சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பயிற்சியால் எல்லோருக்கும் முழுமையாகக் குணமாகும் என்று நான் உறுதி கூறவில்லை. சிலருக்குப் பின்னர் வேறு சிகிச்சைகளோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். ஆனால் பேருந்துப் பயணத்தையும் உறவினர் வீட்டுத் திருமணத்தையும் தவிர்த்துக்கொண்டு, இருபது ஆண்டுகள் மறைத்து வாழ்ந்த பிறகு மருத்துவரிடம் வரும் பெண்களில் பலருக்கு, தொடக்கத்திலேயே எளிய உதவி கிடைத்திருக்கக்கூடும். பிள்ளை பெற்றுப் பல ஆண்டுகள் கடந்தவர்களுக்கும் இப்பயிற்சி பயன் தரும். இதைப் படிப்பவர் பாட்டியாக இருந்தால், பேத்திக்காக மட்டுமன்றித் தமக்காகவும் கேட்கலாம்.