சமாதானம் பேசுனவரு

"அமைதியா இருங்கப்பா." சேரிக்குள்ள போலீஸ் வேன் வந்து நின்னதும் நாம முதல்ல கேக்குற வார்த்தை இது. அதனாலேயே சமாதானம் பேசும் பாதிரிமார் மீது நமக்கு நம்பிக்கை வருவதில்லை. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் கொஞ்சம் வேற ஆளு.

மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு ஊழியம் செய்ய வந்தவர். காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸை வீட்டில் தங்கவைத்ததற்காக 1930இல் நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. விருந்தாளிக்குச் சோறு போட்டதும் ராஜதுரோகம்! 1944இல் மறுபடியும் வெளியேற்றம். வெள்ளைக்காரன் போனபிறகு திரும்பிவந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தோடு கலந்து உழைத்தார். 1984இல் இறந்தார்.

சர்க்காரை எதிர்த்த அந்தச் சமாதானம் சாதியை எதிர்த்ததா? அவரோடு வேலை செய்த ஜெகந்நாதன் பூமிதானத்தில் நடையாய் நடந்தார். அது பண்ணையாரின் மனசாட்சியிடம் நிலம் கேட்ட இயக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின், அவரும் நம் மாவட்டத்துத் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்கே போனார்கள். 1981இல் லாஃப்டி தொடங்கி, நிலத்தை வாங்கிக் கூலிப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்தார்கள். இந்த அம்மா செய்த சமாதானத்தில் பத்திரம் இருந்தது.

இறையியல் படிக்கும் தோழர்களே, கெய்த்தானைப் பற்றிக் கட்டுரை எழுதுங்க, வேணாங்கல. அப்படியே உங்க சபைக் கல்லறைக்குள்ள ஒரு நடை போய், நடுவுல நிக்கிற சுவரு யாரு கட்டுனதுன்னும் கேட்டு எழுதுங்க.