கைக்கடிகாரமும் கைச்சுத்தமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றதும் நாட்டு முன்னேற்றம், இளைஞர் கடமை என்று பெரிய பெரிய தலைப்புகளைத்தான் நண்பர்கள் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். செல்போன் வழியாகப் பழைய வாட்ச் வாங்குவது, விற்பது. அதில் இரண்டு பக்கமும் நடந்துகொள்ள வேண்டிய முறை. "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்காதீர்கள். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய வாட்சுக்கு ஏன் இத்தனை கிராக்கி? 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. பல வருஷம் நம் ஊரில் வாட்ச் என்றாலே அதுதான். 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் கைகோர்த்து டைட்டனைத் தொடங்கின; ஓசூரில் தொழிற்சாலை வந்தது; சாவி கொடுக்கும் வாட்ச் போய் பேட்டரி வாட்ச் வந்தது. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. கம்பெனியை மூடுகிறார்கள் என்றதும் பழசுக்கு மவுசு ஏறிவிட்டது. பீரோவுக்குள் கிடந்த அப்பாக்களின் வாட்சுகள் எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்டன.

மவுசு வந்த இடத்தில் மோசடியும் வரும் அல்லவா? தேய்ந்துபோன டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, வேறொரு வாட்சின் முள்ளை மாட்டி, "ஒரிஜினல், யூஸ் பண்ணாதது" என்று விற்கிறார்கள். ரிப்பேர் பார்ப்பதிலோ பெயிண்ட் அடிப்பதிலோ தப்பு இல்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

ஆனால் குற்றம் எல்லாம் விற்பவர் பக்கம்தான் என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. நான் விற்கிற பக்கம் நின்று பார்த்தவன். முதல் வருஷம் மினி டிராஃப்டரும் ஒர்க்‌ஷாப் ஷூவும் வாங்கப் பணம் போதவில்லை. அப்பா தன் கல்யாண வாட்சைக் கழற்றி, "இதைக் குடுத்துரு" என்றார். 1,200 ரூபாய் என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவர், "எனக்குத்தான், யாருக்கும் குடுக்காதீங்க, திங்கட்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார். அவர் பேச்சை நம்பி, அதற்குப் பிறகு கேட்ட இரண்டு பேரை இல்லை என்று அனுப்பிவிட்டோம். எனக்கு அன்று தேர்வு. அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் வரை நின்றார். அந்த ஆள் வரவில்லை. போனும் சுவிட்ச் ஆஃப். "வேண்டாம்" என்று ஒரு வரி அனுப்ப அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் மாட்டுச் சந்தை தெரிந்தவர். பொள்ளாச்சி, மணப்பாறை மாதிரி சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். பார்த்து முடித்து அச்சாரம் கொடுத்துவிட்டால் அதோடு சரி. "அச்சாரம் வாங்குனவனும் மாறக்கூடாது, குடுத்தவனும் மாறக்கூடாதுடா" என்பார் அப்பா. எழுத்து இல்லை, பத்திரம் இல்லை, வாய்ச்சொல் மட்டும்தான். செல்போனில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது. அப்படியென்றால் சொல்லுக்கு இன்னும் அதிக மரியாதை வேண்டும் என்பதுதானே நியாயம்?

விற்பவர் செய்ய வேண்டியது என்ன? அழகான ஒரு போட்டோ போதாது. டயல், பின்மூடி, முடிந்தால் மூடியைத் திறந்து மெஷின், மூன்றையும் வெளிச்சத்தில் எடுத்துப் போட வேண்டும். நான் மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: ஜனதா போன்ற வாட்சின் மெஷின் மணிக்கு 18,000 தடவை டிக் அடிக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் வருஷக்கணக்கில் காய்ந்துவிடும். அதோடு ஓடினால் பல்சக்கரத்தின் அச்சு தேயும். ஆகவே "நல்லா ஓடுது" என்பது பதில் ஆகாது. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது, சாவி கொடுத்தால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் முந்துகிறது அல்லது பிந்துகிறது, இவற்றைக் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நேர்மைதான்.

வாங்குபவர் செய்ய வேண்டியது? எடுத்ததும் "லாஸ்ட் என்ன?" என்று கேட்பதை விடுங்கள். பொருளைப் பற்றி விசாரித்த பிறகு விலை பேசுங்கள். பேரம் பேசுவது உரிமை. ஆனால் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு, நேரில் வந்ததும் இருநூறு குறைப்பது பேரம் ஆகாது, மிரட்டல். தபாலில் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. இன்னொன்று: பணம் வாங்குகிறவர் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே இல்லை. "பணம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவர் வாங்க வந்தவர் இல்லை, திருட வந்தவர். ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. வாங்குபவன்தான் உஷாராக இருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி; ஆனாலும் விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரப்படி இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உண்மைதான். ஆனால் ஆயிரம் ரூபாய் வாட்சுக்காக நம்மில் யார் கோர்ட்டுக்குப் போகப் போகிறோம்? அந்த இடத்தில் நம்மைக் காப்பாற்றுவது பழக்கம் ஒன்றுதான்.

அப்பாவின் வாட்சை இரண்டு வாரம் கழித்து வேறொருவர் வாங்கினார். ஒரு நாளைக்கு எட்டு நிமிஷம் பிந்துகிறது, கண்ணாடியில் கீறல் இருக்கிறது, ஸ்ட்ராப் கம்பெனி ஸ்ட்ராப் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "குறையைச் சொல்லிட்டீங்க தம்பி, அதனாலதான் நம்பி வாங்குறேன்" என்று பேசிய 1,100 ரூபாயை அப்படியே கொடுத்தார். குறையைச் சொன்னதால் விலை விழுந்துவிடவில்லை.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். ஜாமீன் போட ஆள் இல்லை, சிபாரிசு இல்லை. நாளை ஒரு கம்பெனியில் சேர்ந்தாலும், சொந்தமாக லேத் போட்டாலும், நம்மிடம் இருக்கப்போகும் முதலீடு நாம் சொல்லும் சொல்தான். அந்தச் சொல்லை ஒரு பழைய வாட்ச் விற்பனையிலேயே காப்பாற்றிப் பழகுவோம். வருவதாகச் சொன்னால் வருவோம். வரமுடியாவிட்டால் அதையாவது சொல்வோம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை