வேதாளத்தின் கேள்விக்கு வீட்டில் யார் பதில் சொல்வது?

பரண் மேல் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. வெள்ளையடிப்பதற்காக அதைக் கீழே இறக்குகிறார்கள். திறந்து பார்த்தால் மேலே கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், மங்கிப்போன போட்டோக்கள். எல்லாவற்றுக்கும் அடியில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். அதில் ஒரு படம். உருவிய வாளுடன் ஒரு ராஜா. அவர் தோளில் ஒரு பிணம். சுற்றிலும் மண்டை ஓடுகள்.

"அட, அம்புலிமாமா!" என்று வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அன்றைக்கு வெள்ளையடித்த மாதிரிதான்!

இந்தக் காட்சி பல வீடுகளில் நடந்திருக்கும். பிறகு அந்தப் புத்தகம் எங்கே போகிறது? பெரும்பாலும் பழைய பேப்பர்காரரின் தராசுத் தட்டுக்கு. "குழந்தைப் புத்தகம்தானே, இனி யார் படிக்கப் போகிறார்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

யாரா? அவரே படிக்கலாம். அதையும் மனதுக்குள் படிக்காமல் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கலாம்.

அம்புலிமாமா பிறந்தது 1947-ம் ஆண்டு ஜூலை மாதம். நாடு விடுதலை அடைவதற்கு ஒரு மாதம் முன்பு. சென்னையில் இருந்து நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. 1951-ல் 'பாதாள பைரவி'யையும், 1957-ல் 'மாயாபஜா'ரையும் படமாக எடுத்தவர்களும் அதே இருவர்தான். கல்யாண விருந்தைக் கடோத்கஜன் ஒரே ஆளாகத் தின்று தீர்த்ததைத் திரையில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, வீட்டில் படிப்பதற்கும் மாய உலகம் காத்திருந்தது.

தோளில் வேதாளத்தைச் சுமந்த அந்த ராஜாவை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி.சிவசங்கரன். பல்லாண்டுக் காலம் அந்தப் பத்திரிகைக்குப் படம் போட்டவர். 2020-ல், 96 வயதில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பத்திரிகையை 2007-ல் மும்பை நிறுவனம் ஒன்று வாங்கியது. சில ஆண்டுகளில் அச்சு நின்றது. ஆகவே, பெட்டியில் கிடக்கும் பழைய இதழ் போனால் போனதுதான்.

எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்

அம்புலிமாமாவுக்கும் முன்பே தமிழ் வீடுகளில் மாயக் கதைப் புத்தகம் உண்டு. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை' என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். பெரிய எழுத்து ஏன்? விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் தடுமாறாமல் படிக்க வேண்டும். தெருவில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும். அவர் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வாங்கியது ஒரு புத்தகம். அனுபவித்தது ஒரு தெரு!

'காடாறு மாதம், நாடாறு மாதம்' என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? அது விக்கிரமாதித்தன் கதையில் வருகிற கணக்கு. ராஜாவுக்குக் கிடைத்த வரம், ஆயிரம் ஆண்டு ஆட்சி. அவனுடைய மந்திரி பட்டி வாங்கியதோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். மந்திரி இருப்பான், ராஜா இருக்கமாட்டான் என்ற நிலைமை. பட்டி யோசித்தான். "ஆறு மாதம் நாட்டை ஆளுங்கள், ஆறு மாதம் காட்டில் இருங்கள்" என்றான். ஆயிரம் ஆண்டு ஆட்சி இரண்டாயிரம் ஆண்டாக நீண்டுவிட்டது! மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கணக்கு வாய்ப்பாடு கசக்கிற பிள்ளைகூட விரல் விட்டு எண்ணும்.

1990-களில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் முதல்முதலாகத் தம் பெயரை எழுதப் பழகிய பெண்கள் பலர் இன்று பாட்டிகள். கற்ற எழுத்தைப் பயன்படுத்தாவிட்டால் அது மங்கிப்போகும். பஸ்ஸின் பெயர்ப் பலகையும் ரேஷன் கடைப் பலகையும் மட்டும் படித்தால் போதாது. ஆனால் எதைப் படிப்பது? தலையங்கம் கடினம், சட்டம் புரியாது. பேரனின் கதைப் புத்தகத்தை எடுத்தால், "இந்த வயதில் பூதக் கதையா?" என்று யாராவது சிரிப்பார்களோ என்று கூச்சம்.

அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது வீட்டில் உள்ள மற்றவர்கள்தான். "பாட்டி, இன்றைக்கு நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்" என்று பேரன் சொன்னால் போதும். பாட்டி ஒரு சொல்லில் நின்றால் பேரன் எடுத்துக் கொடுப்பான். பேரன் அவசரத்தில் இரண்டு வரியை விழுங்கினால், சின்ன வயதில் கதையைக் காதால் கேட்டே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டி விடமாட்டாள்.

யார் கணவன்?

வேதாளக் கதைகள் பழமையானவை. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துக் கவி சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்ற வடமொழி நூலிலும் அவை உள்ளன. மூலத்தில் இருப்பவை இருபத்தைந்து கதைகள். அம்புலிமாமாவின் வேதாளமோ அதோடு நிற்காமல் புதுப்புதுக் கதைகளாகச் சொல்லிக்கொண்டே போனது.

ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். சொன்னாலோ மவுனம் கலையும், வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். கேள்வியில் முடிகிற கதையைத் தனியாகப் படிப்பதில் பாதி சுகம்தான். பதில் சொல்ல நாலு பேர் வேண்டாமா?

ஒரு கதையைப் பாருங்கள். ஒரு பெண்ணை மணக்க மூன்று வாலிபர்கள் வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவளை எரித்த சாம்பல் மேலேயே படுத்துச் சுடுகாட்டில் கிடந்தான். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போனான். மூன்றாமவன் ஊர் ஊராக அலைந்து, இறந்தவரை எழுப்பும் மந்திரத்தைக் கொண்டுவந்தான். பெண் உயிரோடு எழுந்தாள். மூவரும் சண்டை போட்டார்கள். அவள் யாருக்கு மனைவி?

பத்து வயதுப் பிள்ளை யோசிக்காமல் சொல்லும்: "மந்திரக்காரனுக்குத்தான்!" ராஜா சொன்ன தீர்ப்பு வேறு. உயிர் கொடுத்தவன் தகப்பன் ஸ்தானம். எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகனின் கடமையைச் செய்தவன். சாம்பலை விட்டு நகராமல் கிடந்தவனே கணவன்.

சின்ன வயதில் படிக்கும்போது மந்திரம்தான் கண்ணில் படும். நாற்பது வயதில், ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவிக்காகப் பத்து நாள் பாய் விரித்துப் படுத்தவர் அதே கதையைப் படித்தால், ராஜாவின் தீர்ப்பை யாரும் அவருக்கு விளக்க வேண்டியது இல்லை. புத்தகம் பழையதுதான். படிக்கிறவர்தான் மாறிவிட்டார்.

வீட்டில் ஒரு மகள் இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும். "அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லையே?" உண்மைதான். வேதாளமும் கேட்கவில்லை, விக்கிரமாதித்தனும் கேட்கவில்லை. "பெரியவர்கள் எழுதியதில் குற்றம் சொல்லாதே" என்று அவள் வாயை அடைக்காதீர்கள். பழைய கதைகளில், முக்கியமாக மதனகாமராஜனில், பிள்ளைகளுக்கு ஏற்காத இடங்களும் உண்டு. படிக்கிற பெரியவர் பார்த்துத் தாண்டிப் போகலாம். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று பரீட்சை மட்டும் வைக்கக்கூடாது. மறுநாள் பிள்ளை பக்கத்திலேயே வராது.

வீட்டில் புத்தகம் இல்லையென்றாலும் கவலை இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூலகத்திலும் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மகன் வெளிநாட்டில் இருந்தால் கைப்பேசியில் பேரப் பிள்ளைக்குப் படித்துக் காட்டலாம். வேதாளத்துக்குக் கடல் ஒரு தூரமா?

ராஜா வாய் மூடிய கதை

விக்கிரமாதித்தனுக்கே பதில் தெரியாத ஒரு கதை உண்டு. காட்டில் தகப்பனும் மகனும் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரிய பாதம் தாயாகத்தான் இருக்கும் என்று நினைத்து, "பெரிய பாதத்தை நான் மணப்பேன், சிறிய பாதத்தை நீ மணந்துகொள்" என்று முடிவு செய்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது! சொன்ன சொல் மாறாமல் தகப்பன் மகளையும், மகன் தாயையும் மணந்தார்கள். இரு ஜோடிக்கும் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

ராஜா மவுனமாக நடந்தார். ஆனால் முறை சொல்லியே வளர்ந்த தமிழ்க் குடும்பம் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள்.

"மகனுக்குப் பிறந்தவன், அந்தப் பொண்ணுக்குத் தம்பி. அப்போ அவ பிள்ளைக்கு இவன் தாய்மாமன்" என்பாள் பாட்டி.

"இருங்கம்மா. தகப்பனுக்குப் பிறந்தவன், மகனுக்குத் தம்பி. அப்போ மகனோட பிள்ளைக்கு இவன் சித்தப்பா" என்பார் அப்பா.

"அவன் இவனுக்கு மாமா, இவன் அவனுக்குச் சித்தப்பாவா?"

எல்லோரும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போது சின்னவள் கேட்பாள்:

"அப்போ பொங்கலுக்கு யார் கால்லே யார் விழணும், பாட்டி?"