கள்வன் வேடம் யாருக்கு?

மறைக்கல்வி ஆண்டு விழா வருகிறது என்றதும் நம் பங்குகளில் முதலில் எழும் கேள்வி, எந்தக் கதையை நடிப்பது என்பதன்று. எந்தப் பிள்ளைக்கு எந்த வேடம் என்பதே. அதற்கான விடையும் பெரும்பாலும் முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. சிவந்த மேனியும், வாடகை உடைக்குப் பணம் தரவல்ல பெற்றோரும் உடைய சிறுமி வானதூதர். கறுத்த மேனியன், கடைக்கோடித் தெருவிலிருந்து வருபவன், கள்வன். கள்வன் இல்லாத கதையானால் சாத்தான். நாடகத்தின் பெயரோ 'நல்ல சமாரியர்'. கற்பிக்க வந்த பாடம் இரக்கம்!

இது பிறர்மீது நாம் எறியும் கல்லன்று. இத்தகைய விழாக்களுக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கி, கைதட்டி, பரிசும் வழங்கியவர்கள் நாம். ஒரு பங்கில், ஊர்ப் பெயர் வேண்டா, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே சிறுவன் கள்வனாக வந்தான். மூன்றாம் ஆண்டு பரிசுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு என்னவாக நடிக்கப் போகிறாய் என்று வேடிக்கையாகக் கேட்டோம். "திருடன்தான் சாமி. எனக்கு வேற என்ன தருவாங்க?" என்றான். குரலில் வருத்தம்கூட இல்லை. பத்து வயதிற்குள் அவன் தன் இடத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். கற்பித்தவர்கள் நாம், கற்பித்த இடம் ஆலய வளாகம்.

இதைச் சொன்னால் சிலர், "அதனால்தான் கதையும் கூத்தும் வேண்டாம் என்கிறோம், கட்டளைகளை மனப்பாடம் செய்வித்தால் போதும்" என்பர். போதாது. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைத்தான் நாத்தான் தாவீதிடம் கொண்டு சென்றார். கட்டளை தாவீதுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மீறியவர் அவர். கதையைக் கேட்டுச் சினந்து அவர் தாமே தீர்ப்பளிக்கும்வரை இறைவாக்கினர் குற்றத்தின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. அடுத்திருப்பவர் யாரென வினவிய சட்ட அறிஞருக்கும் ஆண்டவர் வரையறை எதுவும் தரவில்லை. கதை சொல்லி, வினாவை அவரிடமே திருப்பினார். 1223ஆம் ஆண்டு கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் கண்முன் காட்டியதும், வீரமாமுனிவர் பரமார்த்த குருவையும் அவர்தம் மூடச் சீடர்களையும் படைத்ததும் நாம் அறியாதவையல்ல. கதையும் காட்சியும் நம் வீட்டுச் சொத்து. நம் குறையெல்லாம் அவற்றைக் கையாளும் முறையில்தான்.

முதலில் கதைத் தேர்வைப் பார்ப்போம். 1697இல் பிரான்சு நாட்டின் பெரோ வெளியிட்ட தேவதைக் கதைகளுள் ஒன்றில், கிணற்றடியில் முதியவள் ஒருத்திக்குத் தண்ணீர் தந்த பெண்ணின் வாயிலிருந்து பேசும்போதெல்லாம் மலரும் மணியும் உதிர்கின்றன. தர மறுத்தவளின் வாயிலிருந்து பாம்பும் தேரையும். நல்லவளுக்கு இளவரசனும் கிடைக்கிறான். பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்பிக்க ஏற்ற கதை எனப் பலரும் கருதுவர். நம் கருத்து வேறு. ஒரு குவளைத் தண்ணீருக்கு வைரம் என்பது இரக்கமன்று, வாணிகம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு விளங்கும். வைரம் உதிராத மறுநாள் அது குவளையைக் கவிழ்த்து வைத்துவிடும்.

கிரிம் சகோதரர்கள் தொகுத்தவற்றிலும் ஆராய்ந்தே எடுக்க வேண்டும். 1812ஆம் ஆண்டின் முதற் பதிப்பில் பனிவெண்மை என்னும் சிறுமியைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினர். தாய்மையின் மாண்பைக் காக்கும் நோக்கமாக இருக்கலாம். அதற்கான விலையை உலகின் சிற்றன்னையர் அனைவரும் செலுத்தி வருகின்றனர். சிற்றன்னையின் கையால் தலைவாரிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளை நம்மிடையே இல்லையா? மேலும், நாயகியின் பெயரே பனிவெண்மை! நம் ஊரில் இதை மேடையேற்றுவோர் அவளை எந்தத் தெருவில் தேடுவர் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அதே தொகுப்பில் ஒரு பக்க அளவேயான ஒரு கதை உண்டு. கை நடுங்கும் முதியவர் மேசைவிரிப்பில் கஞ்சியைச் சிந்துகிறார். மகனும் மருமகளும் அருவருத்து அவரை அடுப்புக்குப் பின்னே மூலையில் அமர்த்தி மண்கலத்தில் உணவு இடுகின்றனர். அதுவும் கை தவறி உடைய, மரக்கிண்ணம் வாங்கி வருகின்றனர். ஒருநாள் நான்கு வயதுப் பேரன் மரத்துண்டுகளைப் பொறுக்கி ஏதோ செய்துகொண்டிருக்கிறான். என்னவென்று கேட்டால், தான் பெரியவனானதும் அப்பாவும் அம்மாவும் உண்பதற்கான தொட்டி என்கிறான். இருவரும் அழுகின்றனர், முதியவர் மேசைக்குத் திரும்புகிறார், அதன்பின் அவர் சிந்தினாலும் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. நம் ஊர்களிலும் ஏறத்தாழ இதே கதையை மண்சட்டியை வைத்துச் சொல்வர்.

இங்கே தேவதை இல்லை, வைரம் இல்லை, அறிவுரை கூறும் பெரியவரும் இல்லை. அந்தச் சிறுவன் நல்லவன்கூட அல்லன். கண்டதைச் செய்கிறான், அவ்வளவே. பிள்ளைகள் இரக்கத்தையும் இரக்கமின்மையையும் எங்கிருந்து எடுக்கின்றனர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மறைக்கல்வி நூலை நாம் கண்டதில்லை.

இக்கதையை ஒருமுறை பிள்ளைகளிடம் நடிக்கக் கொடுத்தோம். கிழவராக எவரும் முன்வரவில்லை. மகன் வேடத்துக்கோ அடிதடி. எல்லாரும் முறைவைத்துக் கிழவராக வேண்டும் என விதித்தோம். மகனாக நின்று உரக்க அதட்டிய ஒருவன், தன் முறை வந்தபோது மூலையில் கொட்டாங்குச்சியுடன் அமர்ந்தான். மற்றவர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து பொரிகடலை தின்றனர். அடுத்த ஞாயிறு வந்தவன் மருமகளாக நடித்த சிறுமியிடம், "நீ கத்துறத கொஞ்சம் கொறச்சுக்க" என்றான். நாம் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை.

அப்படிச் சொல்லித் தருவதில்தான் நமக்குத் தீராத ஆசை. நாடகம் முடிந்து திரை விழுந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது..." என்று தொடங்கிவிடுகிறோம். பெரோகூடத் தம் கதைகளின் முடிவில் செய்யுளாக நீதி எழுதிச் சேர்த்தார். அவற்றைப் படித்துச் சிரித்தவர்கள் பெரியவர்கள். பிள்ளையின் உள்ளத்தில் கதை வேரூன்றுவதற்குள் நாம் அதைப் பிடுங்கி, வேர் வந்துவிட்டதா என்று பார்க்கிறோம். பெற்றோரோ கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி தம் பிள்ளை வரும் காட்சியை மட்டும் படம்பிடித்துவிட்டு எழுந்து செல்கின்றனர்.

"பணம் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிறோம், கிழவன் வேடம்தானா?" என்று கேட்கும் பெற்றோரை நாம் அறிவோம். நன்கொடை தருபவர் மகளை வானதூதராக்காவிட்டால் வரும் மனக்கசப்பையும் அறிவோம். அக்கசப்புக்கு அஞ்சித்தானே இத்தனை ஆண்டுகள் அந்தச் சிறுவனைக் கள்வனாக நிறுத்தினோம்?

வரும் டிசம்பரில் எம் பங்கில் சமாரியர் நாடகமே மீண்டும் நடைபெறும். வேடங்கள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்படும். ஒத்திகையில் ஒவ்வொரு பிள்ளையும் அடிபட்டு வழியோரம் கிடக்க வேண்டும். வாடகை உடை கிடையாது. வீட்டுத் துண்டும் வேட்டியும் போதும். முடிவில் பேச எவரும் மேடையேறமாட்டார், பங்குத்தந்தையும் ஏறமாட்டார். கள்வன் சீட்டு வானதூதர் வீட்டுக்குப் போனால், வழக்கைப் பேச நம் அறைக்கு வரலாம். கதவு திறந்தே இருக்கும், சீட்டு மட்டும் மாறாது.