சாட்டையால் நைட்டி தைக்க முடியாது

தளவாய்புரத்தில் ஒரு டீக்கடை. ராஜபாளையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம். நைட்டிக்குப் பேர் போன ஊர். பக்கத்து பெஞ்சில் இருந்த நைட்டி வியாபாரி பொருமினார்.

"சீனாக்காரன்கூட எப்படி சார் போட்டி போட? அங்கே எலெக்‌ஷன் கிடையாது, ஸ்ட்ரைக் கிடையாது. ஒரே கட்சி, ஒரே உத்தரவு. இங்கே கூலியைக் கூட்டுன்னு மெஷினை நிறுத்திடறாங்க. நமக்கும் சாட்டை எடுக்க ஒரு ஆள் வேணும்."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றார் டீ மாஸ்டர். கடையே தலையாட்டியது.

நான் ஆட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சாட்டைதான் சீனாவை வளர்த்தது என்றால் 1949-லிருந்தே வளர்ந்திருக்க வேண்டும். ஒரே கட்சி ஆட்சி அன்றைக்கே வந்துவிட்டதே! நடந்தது என்ன? 1958-ல் மாவோ 'மாபெரும் பாய்ச்சல்' என்று உத்தரவு போட்டார். மேலிடத்துக்குப் பயந்து அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கூட்டிக் கணக்கு எழுதினார்கள். தானியம் காகிதத்தில் இருந்தது, பானையில் இல்லை. 1959 முதல் 1961 வரை பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள். 'ஜனங்கள் சாகிறார்கள்' என்று எழுத ஒரு பத்திரிகை இல்லை. கேட்க ஒரு எதிர்க்கட்சி இல்லை. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு பெரும் பஞ்சம் வராததற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்று அமர்த்தியா சென் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் எப்படித்தான் வளர்ந்தார்கள்? சாட்டையைத் தளர்த்தியதால்!

1978-ல் அன்ஹுய் மாகாணத்தின் சியாகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் ராத்திரியில் ரகசியமாகக் கூடி, கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் ஒப்பந்தம். விளைச்சல் கொட்டியது. டெங் சியோபிங்கின் ஆட்சி அதை நசுக்கவில்லை, நாடு முழுக்கப் பரவவிட்டது. உத்தரவு போட்டவனால் அல்ல, உத்தரவை மீறியவனால் வந்த வளர்ச்சி அது. 1980-ல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானபோது வேலைக்கு வந்த கிராமத்துப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மாவோ காலத்தில் நடந்த நல்ல காரியம் அது, மறைக்க வேண்டியதில்லை.

தைவான்காரர்களும் சீனர்கள்தான். அங்கே 38 வருஷம் ராணுவச் சட்டம். 1987-ல் எடுத்தார்கள். 1996-ல் ஜனாதிபதியை ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நாடு மூழ்கிவிட்டதா? உலகின் அதிநவீன சிப்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஸ்ட்ரைக் இல்லாத சீனா என்பதும் கதை. வேலைநிறுத்த உரிமையை 1982-ல் அரசியல் சட்டத்திலிருந்தே தூக்கினார்கள். ஆனாலும் 2010-ல் ஃபோஷானில் ஹோண்டா பாகத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சம்பள உயர்வு வாங்கினார்கள். வயிறு சட்டம் படிப்பதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம்ம விருதுநகர்க்காரர் காமராஜர் 1956-ல் மதிய உணவு கொண்டுவந்தார். எந்தச் சாட்டையை எடுத்தார்? ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடக் கேட்டார். ஜனங்கள் கொடுத்தார்கள். அதே ஜனங்கள் 1967-ல் அவரையே விருதுநகரில் தோற்கடித்தார்கள். அவரும் ஒதுங்கி வழிவிட்டார். இந்த மரியாதையையா விற்கச் சொல்கிறீர்கள்?

சீனாவைப் பார்த்து தடையில்லாத கரண்ட் கேளுங்கள், நல்ல ரோடு கேளுங்கள், சுலபமாக பேங்க் லோன் கேளுங்கள். நானும் கூட வந்து கேட்கிறேன். சாட்டையை மட்டும் கேட்காதீர்கள் அண்ணாச்சி. அது முதலில் மெஷினில் குனிந்திருக்கும் அந்த அம்மா முதுகில் விழும். அடுத்தது உங்கள் முதுகுதான்.

நம்பிக்கை இல்லையா? அலிபாபா ஜாக் மாவைக் கேளுங்கள். 2020 அக்டோபரில் அரசாங்கத்தின் பேங்க் விதிகளைக் குறை சொல்லி ஒரு மேடையில் பேசினார். நவம்பரில் அவருடைய 'ஆன்ட்' கம்பெனியின் பங்கு வெளியீடு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. அப்புறம் சில மாதங்கள் ஆளையே வெளியில் காணோம்.

நீங்கள் டீக்கடையில் உட்கார்ந்து, பயமில்லாமல் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு, இன்னொரு டீ சொன்னீர்களே... அதுதான் நம்மிடம் இருக்கிற சொத்து.