மீன் கணக்கு எழுத தூண்டில்காரரைக் கூப்பிடுங்கள்!

பறவையைக் கரையில் நின்றே எண்ணிவிடலாம். தண்ணீருக்குள் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது?

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். வன இலாகாவினருடன் தொண்டர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள். 2022-ல் இந்தச் சதுப்பு நிலம் உலகப் புகழ் பெற்ற "ராம்சார்" பட்டியலிலும் சேர்ந்தது.

கூழைக்கடா அங்கே வருவது மீனுக்காக. அந்த மீனுக்கும் கணக்கு வேண்டாமா? அதற்கு உதவக் கூடியவர் தூண்டில்காரர்.

காவிரி காட்டிய வழி

கர்நாடகத்தில் காவிரிக் கரையில் கலிபோர் என்ற இடத்தில் தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. அங்கு வந்தவர்கள் "மகசீர்" என்ற பெரிய கெண்டை மீனைப் பிடிப்பார்கள். எடை பார்த்து, ஆற்றிலேயே விட்டு விடுவார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன கிடைத்தது என்பதெல்லாம் குறிப்பில் ஏறியது. 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மீன்கள்!

நிபுணர்கள் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மீன்கள் பெருகியிருந்தன. ஆனால் பெருகியது, வெளியிலிருந்து கொண்டு வந்து விட்ட நீலத் துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிப் போயிருந்தது. 2018-ல் அது, அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் ஏறியது.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், "மீன் நிறைய இருக்கிறது" என்று எல்லோரும் திருப்தி அடைந்திருப்பார்கள்!

பெரும்பாக்கத்தில் என்ன செய்யலாம்?

பெரும்பாக்கம் ஏரியின் உபரி நீர் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது. ஏரி மீனின் கதை, சதுப்பு நிலத்தின் கதையும் ஆகும்.

ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருந்தும் அது பல நீர்நிலைகளில் பரவிவிட்டது. கண்ணாடித் தொட்டிக்கு வாங்கிய "டேங்க் கிளீனர்" மீனும் சென்னை வட்டார ஏரிகளில் புகுந்துவிட்டது. இவற்றுக்கு நடுவே நம் விராலும் குறவையும் என்ன ஆகின்றன? வாரா வாரம் தூண்டில் போடுகிறவருக்கு அது தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

"தூண்டில்காரர் சொல்லும் மீன் வாய்க்கு வாய் வளருமே!" என்று சிலர் கேலி செய்யலாம். அதற்குத்தான் அளவுகோல் இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுத வேண்டும். அதை விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். தூண்டிலில் குஞ்சு மீன் சிக்காது. ஆகவே அதிகாரிகள் வலை போட்டும் சரி பார்க்க வேண்டும்.

சதுப்பு நிலம் காப்புக்காடு. அங்கே தூண்டிலுக்கு இடம் இல்லை. அனுமதி உள்ள ஏரிகளில் இதைத் தொடங்கலாம். உண்மையை எழுதிக் கொடுத்தவரை அதை வைத்தே விரட்டக் கூடாது. அப்படிச் செய்தால் மறுநாள் யாரும் எழுத மாட்டார்கள்.

ஒரு நோட்டு, ஓர் அளவுகோல், ஒரு தராசு. செலவு இவ்வளவுதான். மீன் போன பிறகு எடுக்கும் கணக்கு யாருக்கும் உதவாது. இருக்கும்போதே எழுதத் தொடங்க வேண்டும்!