வீட்டுத் தோட்டம்: உப்பைத் தின்ற கறிவேப்பிலை

பங்குனியில் பாடைக்காவடி பார்க்க வலங்கைமானுக்கு, ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் எட்டு வருஷத்துக் கறிவேப்பிலை மரம் இலை நுனியெல்லாம் கருகி, பாதி மொட்டையாக நின்றது.

"இவ தண்ணி ஊத்த ஆரம்பிச்சதிலேருந்துதான் இப்படி. எதுக்கும் கைராசின்னு ஒண்ணு வேணுமில்லே?" என்றாள் அக்கா, மருமகள் காதில் விழும்படி. மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டிருந்த அந்தப் பெண் கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வேரடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய்!

பேரனைக் குளிப்பாட்ட போர் தண்ணீர் கடுப்பாயிருக்கிறதென்று வாங்கிய சாஃப்ட்னரின் கழிவுக் குழாய் அது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிற இயந்திரம். அதைக் கழுவ அவ்வப்போது கரைத்துவிடும் உப்பெல்லாம் மரத்தடிக்குத்தான் போயிருக்கிறது.

நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதல்லவா? அதே கதைதான். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. உள்ளே போகும் உப்போ இலை நுனியில் சேர்ந்து கருக்கும். சோடியம் நம் களிமண்ணை இறுக்கியும் விடும்.

கனடா போன்ற குளிர் நாடுகளில் ரோட்டில் உறைந்த பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அங்கே ஓரத்து மரங்கள் ரோட்டைப் பார்த்த பக்கம் கருகுவதும் இதனால்தான். நம் நாகப்பட்டினம் பக்கம் 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நீர் வயல்களில் ஏறியபோதும் இதே கஷ்டம். மழைத் தண்ணீரால் உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டை மடக்கி உழுது நிலத்தை மீட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால்:

* முதலில் குழாயைச் சாக்கடைக்குத் திருப்புங்கள்.
* வேரடி மண்ணைக் கொத்தி, கொஞ்சம் ஜிப்சமும் மக்கிய எருவும் கலந்துவிடுங்கள்.
* ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ தாராளமாக விட்டு, அது வடிந்துபோக வழி செய்யுங்கள். தேங்கினால் உப்பு போகாது.
* செடி தேறும்வரை உர மூட்டையைத் தொடாதீர்கள். உரமும் உப்புதான்!
* குடிநீர் சுத்திகரிப்பானின் கழிவு நீரிலும் உப்பு அதிகம். தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள். மரத்துக்கும் அதுதான் வைத்தியம்.

ஆடியில் அக்காவிடமிருந்து போன். "புதுத் துளிர் விட்டிருக்குடி! இவதான் குடம் குடமா மழைத் தண்ணி ஊத்தினா. நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்" என்றாள். "அதை அவகிட்டே சொன்னியா, அக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதோ, சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

சகோதரிகளே, செடி வாடினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஊற்றிய கையைக் குறை சொல்வது அப்புறம் இருக்கட்டும்.